மூடிக்குக் கறுப்பு

குழியை இரண்டு முழம் கூடுதலாக நீட்டி வெட்டச் சொல்லி மாயாண்டி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவின் காதில் அது விழுந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். செத்துக் கிடந்த அவள் புருஷன் கந்தப்பன் அப்படியொன்றும் வளர்ந்த மனிதனில்லை. ஐந்தடிக்கு மேல் மூன்றங்குலம். அதிலும் கடைசி இரண்டு மாதம் இருமியே பாதியாகிப் போயிருந்தான்.

"எதுக்கு மாமா அவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

மாயாண்டி கந்தப்பனின் அண்ணன். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கெட்ட மனிதரில்லை. ஆனால் எதையும் முடிவு செய்த பிறகுதான் மற்றவர்களிடம் சொல்வார். அதற்குள் பாதி வேலையும் நடந்திருக்கும்.

"பொட்டியும் போவுதுல்ல" என்றார்.

பெட்டி என்றால் ஆர்மோனியம். அது வாசல் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில், கந்தப்பனின் தலைமாட்டுக்கு நேரே, ஒரு சாக்கின் மேல் இருந்தது. உடம்பெல்லாம் நல்ல கறுப்பு. மூடி மட்டும் வெள்ளைப் பலகையாகத் தனியே சுவரில் சாய்ந்து கிடந்தது. அந்த மூடியை மடியில் வைத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நேற்று மாலை அவனுக்கு இருமல் வந்தது. அந்த இருமல் விடியற்காலை நின்றது.

மாயாண்டி தன் நியாயத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அரைகுறையாகக் கிடக்கும் சாமானைச் செத்தவன் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆசை அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முடிக்கலாம் என்றால் அதற்கு ஆள் இல்லை. பலகைக்குப் பூசும் அந்தக் கறுப்பு மருந்து கந்தப்பனோடு போய்விட்டது. எத்தனையோ பேர் கேட்டும் அவன் யாருக்கும் சொல்லாத மருந்து. அதனால் பெட்டி அவனோடு போவதுதான் சரி. நோர்வூட்டிலிருந்து மகள் மீனம்மா வந்து சேர்ந்ததும் தூக்கிவிடலாம்.

கூடியிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். வடிவுக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் செத்தவன் மேல். இன்னும் இரண்டு நாள் இருந்து மூடியையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் இந்த மனிதன் என்று நினைத்தாள். மகள் வாழ்க்கைப்பட்ட நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்குத்தான் இந்தப் பெட்டி. ஆடித் திருவிழாவுக்கு உன் ஊரில் அது பாடும் என்று மகளிடம் கையடித்துச் சொல்லியிருந்தான். அதில் சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளை ஒன்றிரண்டாகக் கண்டியிலிருந்து தேடி எடுத்து வரவே இரண்டு வருடம் ஆனது. இது மண்ணுக்குள் போக வேண்டிய சாமானில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

மருந்து தெரிந்தவன் போய்விட்டான் என்று மாயாண்டி சொன்னபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. மருந்து தெரிந்தவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தூள் அனுப்பும் பெட்டி அடிக்கிறவன். முதல் ஆர்மோனியத்தை அவன் செய்தது சுதந்திரம் வந்த வருடம். கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளை மேற்பார்வைக்காரரான கண்டாக்கு ஐயாவிடம் கேட்டு வாங்கி, இழைத்து, ஒட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தான். சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் பலகையில் தோட்டத்துப் பெயரும் நம்பரும் அச்சடித்திருந்தது எவ்வளவு இழைத்தும் மங்கலாகத் தெரிந்தது. மாரியாத்தாவுக்குத் தூளா அனுப்புறீங்க, கப்பல் எப்பப் போகுது என்று யாரோ கேட்டார்கள். கோயிலே சிரித்தது. கந்தப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

கறுப்பைக் கண்டுபிடித்தது வடிவு. கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் கறுத்துப் போகும். லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவள் நினைத்தாள். தேயிலையைச் சுண்டக் காய்ச்சிப் பலகையில் பூசினாள். பழைய ஆணிகளைக் காடியில் பத்து நாள் ஊறப்போட்ட துருத் தண்ணீரை அதன்மேல் தடவினாள். பலகை அவள் கண் முன்னாலேயே கறுத்தது. தோட்டத்துப் பெயரும் நம்பரும் போன இடம் தெரியவில்லை. அதற்குமேல் பூச எண்ணெய்க்கு வழி சொன்னவர் கீழேயுள்ள சிங்களக் கிராமத்துப் பியதாச. அவர் கொண்டுவந்து கொடுத்த தொரண மரத்து எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, துணியில் தொட்டுத் தேய்த்தாள். இந்த மலையில் எதுவும் லேசில் காயாது. அதனால் ஒவ்வொரு எண்ணெய்ப் பூச்சுக்கும் பெட்டியை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி, புகையில் நாலு நாள் வைத்தாள்.

இரண்டாவது தடவை கோயிலுக்குப் போனபோது அது தேயிலைப் பெட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அது என்ன மருந்து என்று எல்லோரும் கேட்டார்கள். கோயில் மடத்துச் சாமான்களைப் பெண்கள் தொடக் கூடாது என்பது கமிட்டியின் சட்டம். அதனால் வடிவு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்: "கேட்டா ஒங்க மருந்துன்னு சொல்லிருங்க." கந்தப்பனும் சொல்லிவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்தவன் முகம் தொங்கிப் போயிருந்தது. எல்லோரும் தன் கையையே பார்த்தார்கள் என்றான். கையில் ஒரு கறையும் இல்லை.

அவளுடைய கையை யாரும் பார்க்கவில்லை. கொழுந்து பறிக்கிற எந்தப் பெண்ணின் விரலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

அதிலிருந்து, அவள் பூச்சு வேலை செய்த மறுநாளெல்லாம் கந்தப்பன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் சட்டிக்குப் பக்கத்தில் குந்தி, பத்து விரலையும் தேத்தண்ணீரில் முக்கி, பிறகு துருத் தண்ணீரில் முக்கிக் காய வைத்துக்கொண்டு போவான். கல்யாணப் பெண் மருதாணி வைத்துக்கொள்வது போல இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வடிவு அவனைக் கேலி செய்யாத நாளில்லை. பதினாறு வருடத்தில் நாலு பெட்டி, நாலு தோட்டத்துக் கோயில். அவனுடைய கறுத்த விரல்களை ஸ்டோரில் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவார்களாம். அதை வந்து சொல்லும்போது மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

வடிவு எழுந்தாள். மயங்கி விழப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் கூடவே எழுந்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டுக் காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் போனாள். மூடிக்கென்று மூன்று நாளாகச் சுண்டக் காய்ச்சிய தேத்தண்ணீர் அடுப்பு மூலையில் ஒரு பெரிய சட்டி நிறைய இருந்திருக்க வேண்டும். சட்டி இப்போது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு பின்னாலேயே வந்து நின்றாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. வருகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார்தான் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். அம்மாக்கண்ணு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ முந்தியே போட்டு வச்சிருந்த. வீணாப் போவுதேன்னு எங்க அடுப்புல சுட வச்சுக் குடுத்துட்டேன். கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. தண்ணி கலந்தும் அடங்கல."

வடிவு வாசல் வழியாக வெளியே பார்த்தாள். இஸ்தோப்பிலும் அதற்கு வெளியே சாரலிலும் ஆட்கள் கையில் கோப்பையோடு இருந்தார்கள். இடது உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு. அதை ஒரு கடி கடித்து, கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்து, முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். துக்க வீட்டில் கொடுத்ததைத் துப்ப முடியாது. காலையில் வந்து போன கண்டாக்கு ஐயாவும் அதைத்தான் குடித்தாரா என்று கேட்டாள். முதல் கோப்பையே அவருக்குத்தான் என்றாள் அம்மாக்கண்ணு.

வடிவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெளியே இருந்தவர்கள் அதை அழுகை என்று நினைத்தார்கள், பாதி அழுகைதான். இதைச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடிய ஒரே ஆள் பெஞ்சில் நீட்டிக் கிடந்தான். அவனிடம் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கருப்பட்டி இவர்கள் கையில்தான் இருக்கிறது, கோப்பைக்குள் இல்லை. கசப்பில் யாரும் பாதிக்கு மேல் குடிக்கவில்லை. மிச்சம் மூடிக்குப் போதும்.

ஒரு பேசினை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொருவர் கையிலிருந்தும் கோப்பையை வாங்கி மிச்சத்தைப் பேசினில் ஊற்றினாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எச்சில் கோப்பை பொறுக்குவதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. விட்டது தொல்லை என்று சிலர் வேகமாகவே நீட்டினார்கள். பஜனைப் பாட்டுக்காரர் சோலைமலை மட்டும், "வேணாம்மா, நானே கழுவித் தர்றேன்" என்றார். அவரிடமிருந்தும் வாங்கிக்கொண்டாள்.

மிச்சத்தை ஒரு துணியில் வடிகட்டினாள். கட்டிலுக்கடியிலிருந்து துருத் தண்ணீர் ஜாடியை இழுத்தாள். நல்லவேளை, அதன் புளித்த நாற்றத்துக்கு அம்மாக்கண்ணு அதன் பக்கம் போகவில்லை. மூடிப் பலகையை எடுத்துக் கந்தப்பனின் தலைமாட்டில் இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தினாள். அவன் தேய்த்த இடம் பட்டுப் போல இருந்தது. வலது ஓரத்தில் நாலு விரற்கடை மட்டும் கரகரப்பாக விட்டுப் போயிருந்தது. உப்புத்தாளை எடுத்து முதலில் அதைத் தேய்த்தாள். அதுவரை உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

துணியை முக்கிப் பலகையின் நீளவாக்கில் ஓட்டினாள். ஒரு தடவை, காய விட்டு இரண்டாம் தடவை. பலகை மாட்டுத்தோல் நிறத்துக்கு வந்தது. மாயாண்டி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டிக்குத் துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. வடிவு வேறொரு துணியை ஜாடியில் முக்கிப் பிழிந்து, மூடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

முதலில் ஈரம் மட்டும் தெரிந்தது. அப்புறம் பலகை சாம்பல் நிறமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துக்கொண்டு போய், பெட்டியின் உடம்பு என்ன கறுப்போ அதே கறுப்பில் வந்து நின்றது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பதினாறு வருடமாகத் தோட்டமே கேட்டுக்கொண்டிருந்த மருந்து அவர்கள் குடித்து வைத்த மிச்சத் தேத்தண்ணீர்தான் என்று மெல்ல மெல்ல எல்லோருக்கும் விளங்கியது.

மாயாண்டிக்கும் விளங்கியது. அவர் குரலை இறக்கி, கனிவாகவே பேசினார்.

"அவன் ஒனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். நல்லது புள்ள. ஆனா இது கோயிலுக்குப் போற சாமான். பொம்பள கை பட்டுப்போச்சு, அதுவும் எழவு வீட்டுல. இனி எந்தக் கோயில்ல இத உள்ள விடுவாங்க? அவனோடயே போகட்டும்."

வடிவு துணியைக் கீழே வைத்தாள். சொல்லிக் கொடுத்தான் என்பதற்கு ஆமாம் என்று தலையாட்டினால் கந்தப்பனின் பெயர் அப்படியே இருக்கும். பெட்டி குழிக்குப் போகும். இல்லை என்று சொன்னால் அவன் அவளுக்காகச் சொன்ன பொய் அவன் பிணத்தின் முன்னால் உடையும். நாலு கோயில் பெட்டிகளையும் தூக்கி வெளியே போட்டாலும் போடுவார்கள். அவள் கந்தப்பனின் முகத்தைப் பார்த்தாள். தாடைக்கட்டுக்குள் அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியவன் மாதிரி இருந்தான். என்னை மன்னிச்சுக்கங்க என்று மனதுக்குள் சொன்னாள்.

"அப்பன்னா இன்னும் நாலு குழி வெட்டணும் மாமா" என்றாள்.

மாயாண்டிக்குப் புரியவில்லை.

"நாலு பொட்டிக்கும் கறுப்பு வச்சது இந்தக் கைதான். அவுங்க பலக அறுத்தாங்க, ஒட்டுனாங்க, சுருதி வச்சாங்க. அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. கறுப்பும் எண்ணெயும் நான். ஒங்க சட்டத்துக்காக அவுங்க தன் பேரச் சொன்னாங்க. தூரமான நாள்லயும் பூசியிருக்கேன், அதையும் சொல்லிர்றேன். பதினாறு வருசமா ஆத்தா அந்தப் பொட்டிப் பாட்டத்தான் கேக்குறா. ஒரு வெள்ளிக்கிழமையாச்சும் வேணாம்னு சொன்னாளா?"

மாயாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். அந்த முதல் பெட்டிக்கு வருடா வருடம் ஆயுத பூசையில் சந்தனம் வைக்கிறவர் அவர்தான்.

சோலைமலை முன்னால் வந்தார். பதினாறு வருடமாக அந்தப் பெட்டியின்மேல் குனிந்து பாடுகிறவர். மூடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் அதன் வாசனையை இழுத்துப் பார்த்தார்.

"இது காய எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டார்.

"இது சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும். எண்ணெப் பூச்சு பதினாறாம் நாள் காரியம் கழிஞ்சு. அடுப்புப் பத்த வச்சதும் மொத வேல அதுதான்."

"அப்ப சாரல் படாம உள்ள வச்சிருவம்" என்று சொல்லிவிட்டு, சோலைமலை மூடியை ஓரத்தில் மட்டும் விரல் படும்படி தூக்கி, கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பிக் காம்பராவுக்குள் கொண்டுபோனார். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். யாரும் மாயாண்டியைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாயாண்டி, குழி வெட்டும் இடத்துக்குப் போக ஒருவனைக் கூப்பிட்டார். ஆள் அளவுக்கு வெட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

மீனம்மா இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். நனைந்த சேலையோடு ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தாள். வடிவு அவளை அழ விட்டாள். பிறகு நடக்க வேண்டியதெல்லாம் வரிசையாக நடந்தது. ஆண்கள் கந்தப்பனைப் பின்பக்கம் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, கோடி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பங்காளிகள் வாய்க்கரிசி போட்டார்கள். மீனம்மா போட்டாள். கடைசியாக வடிவின் முறை.

அரிசியைப் போட்டுவிட்டு அவள் நகரவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதம் ஸ்டோருக்குப் போகாமல் வீட்டில் கிடந்ததிலும் இப்போது தேய்த்துக் குளிப்பாட்டியதிலும் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நகக்கண்ணில்கூட ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அன்று கோயிலிலிருந்து தொங்கிய முகத்தோடு வந்தவனின் கை அப்படியே இருந்தது. இதோடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே போய் மிச்சமிருந்த தேத்தண்ணீரை ஒரு சிரட்டையிலும், துருத் தண்ணீரை இன்னொரு சிரட்டையிலும் எடுத்து வந்தாள். தப்படிப்பவர்கள் அடியை நிறுத்தினார்கள். கைக்கட்டு இறுக்கமாக இருந்ததால் அவனுடைய விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அவள் முடிச்சோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாயாண்டி அருகில் வந்து குனிந்தார். கட்டிய கட்டை அவிழ்க்கக் கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்தார்.

வடிவு ஒவ்வொரு விரலாகத் தேத்தண்ணீரில் முக்கினாள். பிறகு துருத் தண்ணீரில் முக்கினாள். எப்போதும் அவன் காய வைப்பது போலவே இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் ஈரம் மட்டும் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. நகக்கண்களில்தான் முதலில் ஏறியது. பிறகு விரல் நுனிகளில் பரவியது.

"போதும்மா" என்றார் மாயாண்டி. "இப்பத்தான் அவன் மாதிரி இருக்கான்."

கட்டைவிரல்களைச் சேர்த்து அவரே மறுபடி கட்டினார். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது அவருடைய விரல்களிலும் கறுப்பு ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளட்டும் என்று மீனம்மா ஒரு துணியை நீட்டினாள். அவர் அதை வாங்காமல், தம்பியின் தலைப்பக்கம் போய்ப் பாடையைத் தூக்கத் தோள் கொடுத்தார்.